எல்லா வீட்டிலும் உள்ளித் தீயல்

மதுரைக்கு வடக்கே, அழகர்மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும் செம்மண்மேடு காலனியில், செல்போன் டவரை ஏதோ வழக்கு என்று கழற்றிக்கொண்டு போன அந்த ஆடி மாதத்தில்தான், துணி காயப்போடும் கொடிக்கயிறுகள் வீட்டுக்கு வீடு பாட்டும் படமும் பாடக் குறிப்பும் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தன. முதலில் நடந்தது ஆட்டோ ஓட்டுகிற முனிச்செல்வத்துக்கு. துவைத்த காக்கிச் சட்டையைக் கொடியில் போட்டவர், வேட்டியைப் பிழிய இரண்டு கையும் வேண்டியிருந்ததால், போனை அந்த ஈரச் சட்டையின் பையிலேயே போட்டு வைத்தார். சாயங்காலம் சட்டை காய்ந்து எடுத்தபோது போனுக்குள் எதிர் பிளாக் குழந்தையின் பிறந்தநாள் வீடியோ இருந்தது. அதைத் திறந்ததும் எதிர் பிளாக் வீட்டு நெத்திலிக் கருவாட்டு வாசனை குப்பென்று அடித்தது. அவர் நேராக அந்த வீட்டுக்குப் போய், “ஏத்தா, பிள்ளைக்குப் பொறந்தநாளாம், ஒரு வார்த்தை சொல்லலையே” என்று கேட்டு, மிச்சம் இருந்த கேக்கை வாங்கித் தின்றுவிட்டு வந்தார்.

டவர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், “நைலான்தான்” என்று சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடவில்லை. நைலான் கயிற்றில் சீக்கிரம் வருகிறதா, தேங்காய்நார்க் கயிற்றில் தெளிவாக வருகிறதா, க்ளிப் போட்டால் பாட்டு நடுவில் அறுந்துபோகிறதா என்பதில்தான் எல்லோருக்கும் கவலை. ஒரு வாரத்துக்குள் காலனியின் எல்லாப் பிளாக்குக்கும் நடுவே கயிறு கட்டி முடித்தாயிற்று. வானத்தை அண்ணாந்து பார்த்தால் பாவாடையும் லுங்கியும் பள்ளிக்கூட யூனிபார்முமாக இருந்தது, ஒவ்வொன்றின் பையிலும் ஒரு போன் கனமாகத் தொங்கியது.

கயிற்றின் குணத்தைப் போகப் போகத்தான் பழகினார்கள். ஒரு பாட்டு முழுசாக ஒரே வீட்டிலிருந்து வராது. பல்லவி ஏ பிளாக்கிலிருந்து வரும், நடுவில் வரும் நாதஸ்வரம் சி பிளாக் மாடியிலிருந்து வரும், கடைசிச் சரணம் யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் துணி துவைக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். எடுத்தவர்கள் கொடுக்கவும் வேண்டும். வேண்டியது வந்ததும் போனை உருவிக்கொண்டு போய்விடுகிற ஆளின் துணி அதற்குப் பிறகு எந்த வெயிலிலும் காயாது. வங்கியில் வேலை பார்த்த ஒருவர் ஈர ஜட்டியோடு ஒரு வாரம் ஆபீஸ் போய்வந்த பிறகு, போனைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் பழகிக்கொண்டார்.

இன்னொரு குணமும் இருந்தது, அதுதான் வம்பு. எந்த வீட்டிலிருந்து எந்தத் துண்டு வந்ததோ, அந்த வீட்டு அடுப்பங்கரை வாசனையும் கூடவே வந்தது. பழைய பாட்டு என்றால் பல வீடு சுற்றி வந்திருக்கும், வாசனை கல்யாணப் பந்தி போலக் கலந்து கிடக்கும், யாருடையது என்று சொல்ல முடியாது. புதிதாக ஒன்று வந்தால் அது ஒரு வீட்டில்தானே இருக்கும், அன்றைக்கு அத்தனை துண்டும் அந்த வீட்டு வாசனையாகவே வந்து சேரும். திருப்புகழ் பாட்டில் ஆம்லெட் வாசனை வந்து ஒரு சைவக் குடும்பத்தின் மூத்த மகன் மாட்டிக்கொண்டான். வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் வீடியோவை முதலில் கொண்டுவந்தது யார் என்று ஊருக்கே தெரிந்துபோனதால் ஹெட்மாஸ்டர் ஒருவர் மூன்று நாள் பால் வாங்கக்கூட வெளியே வரவில்லை. காலனி சிரித்தது, மறந்தது, மறுநாள் வேறொருவரைப் பிடித்தது.

பி பிளாக் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஸ்டெல்லாபாய்க்கும் முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கணவர் மஸ்கட்டில் எலக்ட்ரீசியன், மகள் ஜெஸ்லின் இங்கே பிளஸ் டூ. ஸ்டெல்லா டவுனில் பெரிய ஜவுளிக்கடையில் மைக்கில் பேசுகிற வேலை பார்த்தாள். “அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, இரண்டாம் தளத்தில் பட்டுப் புடவைகளுக்குச் சிறப்புத் தள்ளுபடி” என்று தேன் தடவிய குரலில் காலையிலிருந்து இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறெதையும் மைக்கில் சொல்ல ஒருநாளும் வாய்க்கவில்லை. அதற்கெல்லாம் சேர்த்து வீட்டில்தான் பேசுவாள். கடை முதலாளி எப்படித் தும்முவார், பஸ் கண்டக்டர் எப்படிச் சில்லறை கேட்பார் என்று அவள் நடித்துக் காட்டினால் ஜெஸ்லின் தரையில் விழுந்து சிரிப்பாள்.

அவள் குடியிருந்த வீடு அழகர்ராஜாவுக்குச் சொந்தம். அவர்தான் காலனிச் சங்கத்துச் செயலாளர், தண்ணீர் மோட்டார் அறைச் சாவியும் அவரிடம்தான். கணவன் கூட இல்லாத பொம்பளைக்கு வீடு தர ஊரெல்லாம் யோசித்தபோது, “வம்பு தும்புக்குப் போகாத குடும்பம்னு நம்பித்தான் குடுக்கிறேன்” என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான், அதை ஸ்டெல்லா மறக்கவில்லை. ஆனால் அந்தச் சாவி கைக்கு வந்ததிலிருந்து மனுஷர் ஆளே மாறிப்போயிருந்தார். வணக்கம் சொன்ன பிளாக்குக்கு விடியலில் தண்ணீர் வரும், முறைத்த பிளாக்குக்கு மத்தியானம் வரும், கேள்வி கேட்ட பிளாக்குக்கு மறுநாள் வரும். அதோடு அவர் ஊதுபத்திக் கம்பெனியில் வாசனை பார்க்கிற வேலையில் காலம் பூராவும் இருந்து ஓய்வு பெற்றவர். மூக்கு என்றால் அது மூக்கு.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒருநாள் தண்ணீர் மத்தியானம்தான் வந்தது. ஜெஸ்லின் தலை குளிக்காமல் பரீட்சைக்குப் போய்விட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளைச் சிரிக்க வைக்க ஸ்டெல்லா போனில் ஒரு கதை பேசிப் பதிவு செய்தாள், அதே ஜவுளிக்கடைக் குரலை ஆண்குரலாகக் கட்டையாக்கிக்கொண்டு: “அன்பார்ந்த குடிமக்களே! நமது குழாயூர் நாட்டு மன்னர் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு உறங்குகிறார். தண்ணீர் வேண்டுவோர் அவர் எழும்போது எதிரில் நின்று சிரிக்க வேண்டும். பல் தெரியச் சிரித்தால் ஒரு குடம், ஈறு தெரியச் சிரித்தால் இரண்டு குடம், கடைவாய்ப் பல் சொத்தை தெரியச் சிரித்தால் குழந்தை குளிக்கலாம்.” ஜெஸ்லின் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு சிரித்தாள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டியது.

மறுநாள் காலையில் ஜெஸ்லினின் பௌதிகக் குறிப்புகளைத் தோழிக்கு அனுப்புவதற்காக ஸ்டெல்லா போனைக் கொடியில் மாட்டிவிட்டுப் பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கொடுக்க வேண்டியதை மட்டும் போனுக்குள் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிறு உள்ளே இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும் என்று காலனியில் அப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிக் காலனிக்குள் நுழைந்தால் பால்கனி பால்கனியாகக் குழாயூர் மன்னர் சாவியைத் தடவிக்கொண்டிருந்தார். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சி பிளாக் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து ஈறு தெரியச் சிரித்து, “எனக்கு ரெண்டு குடம்!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷம் பொங்கி வந்ததையும் அவளால் தடுக்க முடியவில்லை. இத்தனை வருஷம் மைக் பிடித்தவளின் சொந்தப் பேச்சைக் கேட்டு ஒரு ஊரே சிரிப்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

தள்ளுபடி வேலையில் அவள் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பே பற்றவைக்கவில்லை, முக்குக் கடைப் பரோட்டாதான். கதையில் சால்னா வாசனை வந்தது. காலனியில் பாதி வீட்டில் அதே சால்னா என்பதால் அழகர்ராஜா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனை மூக்கில் வைத்து முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு, நேராகப் பரோட்டாக் கடைக்குப் போய் மாஸ்டரோடு சண்டை போட்டார்.

“எவன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்” என்று அன்றைக்கே சங்கத்து ஒலிபெருக்கியில் சொன்னார். “அவன் சொந்த வீட்ல இருந்தா தண்ணி கிடையாது. வாடகை வீட்ல இருந்தா வீடே கிடையாது.”

பரீட்சை வருஷத்தில் நடுவழியில் வீட்டைக் காலி பண்ணினால் எங்கே போவது? ஸ்டெல்லா கதையைப் போனிலிருந்து அழித்தாள். ஆனால் அது காலனி முழுக்க இருந்தது, அதை இனி யாராலும் அழிக்க முடியாது. அடுத்த நாள் எதிரே ஏ பிளாக்கில் இருக்கும் ரஹ்மத்துன்னிசா, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், போன வாரம் ஸ்டெல்லா ஊர்ப் பக்கத்துத் தீயல் குழம்பு வாங்கிப் போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் அந்தக் காலனியில் யாருக்கும் இல்லை, அதில் நெய்ச்சோறு இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ரஹ்மத் கேட்டாள்:

“அடுத்த பாகம் எப்ப?”

“எனக்கு என்னக்கா தெரியும்?”

“நீ மைக்கைக் கீழ வெக்கிறப்ப ஒரு மூச்சு விடுவல்ல, அந்த மூச்சு கதை கடைசில இருக்கு. எங்கிட்டயேவா?”

ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, யாருட்டயும் சொல்லிராதிய. பிள்ளைக்கு இந்த வருஷம் முடியணும். அடுத்தது மனசுக்குள்ள வந்துட்டு, நான் என்ன செய்ய? பஸ்ல நிக்கும்போ தானா சிரிப்பு வருது, ஆளுவ பாக்குதாவ.”

“பேசு. எங்க வீட்டுக் கயித்துலருந்து போகட்டும். எனக்கு அலாட்மென்ட்ல வந்த சொந்த வீடு, அந்த மனுசன் என்னை என்ன பண்ணுவாரு?”

அப்படித்தான் இரண்டாம் பாகம் ஒரு மெமரி கார்டில் ஏறி, தீயல் கிண்ணத்து மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டு, எதிர் பிளாக்குக்குப் போனது. மன்னர் தண்ணீருக்குப் பயந்து குடை பிடித்துக்கொண்டு குளிக்கிற பாகம் அது. காலனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் குடையை விரித்துக்கொண்டு குழாயடியில் வரிசையாக நின்றார்கள். அழகர்ராஜா தன் போனைச் சட்டைப் பையில் போட்டுக் கொடியில் தொங்கவிட்டு, பாகம் வந்து சேர்ந்த நிமிஷமே உருவி எடுத்து முகர்ந்தார்.

“தாளிச்சா!” என்றார், நெய்ச்சோற்றோடு வைக்கிற அந்தக் குழம்பு எந்தப் பிளாக்கில் என்று அவருக்குத் தெரியும். ஏ பிளாக் வால்வைத் திருகி மூடினார்.

அடுத்த நாள் ஸ்டெல்லா வேலைக்குப் புறப்படும்போது ரஹ்மத் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக சி பிளாக்கிலிருந்து படியேறிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஏ பிளாக் பெண்கள் எல்லோரும் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்திகூட ரஹ்மத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டெல்லா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“நான் போய்ச் சொல்லிருதேன்க்கா. எனக்காச்சுட்டி நீங்க எல்லாரும் செமக்கணுமா?”

“சொல்லிட்டு? பெட்டி படுக்கையத் தூக்கிக்கிட்டு எங்க போவ?” ரஹ்மத் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். “தப்பு எம்மேல. உன்னை என் முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன். அப்ப அடி முதுகுல விழத்தானே செய்யும்? எல்லாரும் சேந்து நின்னா எந்த முதுகுன்னு தேடுவாரு? பொறு. நான் ஐநூறு பிள்ளைக்குச் சமைக்கிறவ.”

அழகர்ராஜாவும் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் பாகம் எப்படியும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும், அன்றைக்குத்தான் காலனி மொத்தமும் துணி துவைக்கும், அன்றைக்கு முகர்ந்த கையோடு வீடு வீடாக வந்து அடுப்பங்கரையைப் பார்ப்பேன் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். சொன்ன அன்றைக்கு அவர் ஈரச் சட்டை போட்டிருந்தார். முதல் பாகத்தை உருவிக்கொண்டு போனதிலிருந்தே அவர் துணி எதுவும் காயவில்லை. ஒரே கொடியில் அவர் மனைவி பேச்சியம்மாளின் சேலை அப்பளமாகக் காய்ந்து மொடமொடக்கும், பக்கத்தில் அவர் வேட்டி சொட்டிக்கொண்டிருக்கும். அதை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வரும். அவர் நடந்து போன இடத்தில் சிமெண்டுத் தரையில் ஈரத் தடம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் முன்கூட்டியே ஓடி ஒளிந்தார்கள்.

ரஹ்மத் அந்த வாரம் முழுக்கக் கிண்ணத்தோடு வீடு வீடாகப் போனாள். கிண்ணத்தில் உள்ளித் தீயல், வாயில் அதன் செய்முறை. தேங்காயைத் துருவி, மல்லியும் மிளகாயும் மிளகும் போட்டு, கருகலுக்கு ஒரு மூச்சு முன்னால் வரைக்கும் வறுத்து, மையாக அரைத்து, உள்ளி என்கிற சின்ன வெங்காயத்தைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, எண்ணெய் மிதக்கும் வரை கொதிக்கவிட வேண்டும். தேங்காய் எண்ணெயைத் தலைக்கு மட்டுமே தெரிந்த மதுரைக்காரர்கள், “இதுலயா வதக்கணும்?” என்று முகத்தைச் சுளித்தார்கள், பிறகு கிண்ணத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்கள், பிறகு அடுத்த கேள்வி கேட்கவில்லை. இது யார் வீட்டுக் குழம்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. காலனியில் தேங்காய் எண்ணெயில் சமைக்கிற வீடு எது என்று ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. அதை யாரும் வாயால் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் கண்ணால்கூடச் சொல்லவில்லை. முனிச்செல்வம் மட்டும் ஆட்டோ நிறையத் தேங்காய் ஏற்றி வந்து, சவாரி வந்த ஒரு பெரியவர் மறந்து விட்டுப் போனது என்று சொல்லி பிளாக்குக்கு பிளாக் இறக்கி வைத்தார்.

மூன்றாம் பாகம் ஏறிய மெமரி கார்டும் அதே வழியில் போனது. ஒரு வீட்டில் படியெடுத்ததும் அடுத்த வீட்டுக்கு. கிண்ணங்களில்தான் ஒரு சிக்கல் இருந்தது. சீராக வந்த எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும், ஸ்டெல்லாவின் கிண்ணத்தில் ‘ஸ்டெல்லாபாய், வெள்ளமடம்’ என்று ஊரோடு சேர்த்து வெட்டியிருந்தது. அதனால் எந்தக் கிண்ணமும் சொந்த வீட்டில் நிற்கக் கூடாது என்று ஏற்பாடு. வாங்கியது ஒரு வீட்டில், கொடுத்தது இன்னொரு வீட்டுக்கு என்று கிண்ணங்கள் அந்த வாரம் பூராவும் சுற்றின. ஞாயிறு விடிந்தபோது யார் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று கிண்ணத்துக்கே தெரியாது.

அன்றைக்குக் காலையில் செம்மண்மேடு காலனியில் ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் சின்ன வெங்காயம் உரித்தார்கள். எல்லாப் பிளாக்கிலும் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். பிறகு தேங்காய் வறுபட்டது. அந்த வாசனை ஜன்னல் வழியாக இறங்கி, படியில் உருண்டு, வேப்பமரத்தைச் சுற்றி, பஸ் நிறுத்தம் வரை போயிற்று. நிற்காமல் போக வேண்டிய எக்ஸ்பிரஸ் பஸ் ஒன்று நின்றுவிட்டுப் போனது. பிறகு எல்லா வீட்டிலிருந்தும் துணி வாளியோடு மொட்டைமாடிக்கு வந்தார்கள். போன்கள் ஈரச் சட்டைகளிலும் பாவாடை நாடாவில் கட்டிய சுருக்குப் பைகளிலும் ஏறின. மூன்றாம் பாகம் எல்லா வீட்டிலிருந்தும் எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் புறப்பட்டது.

அழகர்ராஜா போனை உருவினார். முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தார். வறுத்த தேங்காய், தேங்காய் எண்ணெய், வதங்கிய உள்ளி. பி பிளாக் கீழ்த்தளம் என்று அவர் மூக்கு அடித்துச் சொன்னது. சொட்டச் சொட்ட நடந்து வந்து ஸ்டெல்லாவின் கதவைத்தான் முதலில் தட்டினார்.

ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். ஜெஸ்லின் பின்னால் நின்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன கொழம்பும்மா?” என்றார் அழகர்ராஜா.

“உள்ளித் தீயல் அண்ணாச்சி.”

“அப்படிச் சொல்லு.” அவர் வாசற்படியில் நிமிர்ந்து நின்றார். “நான் உன்னை நம்பி வீடு குடுத்தேன்.”

“ஆமா அண்ணாச்சி. அத மறந்தாத்தானே.” இத்தனை வருஷ மைக் பழக்கம் கைகொடுத்தது. “வந்தது வந்திய, கொஞ்சம் கொண்டு போங்க.” கையில் அகப்பட்ட ஒரு கிண்ணத்தில் தீயலை ஊற்றி நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டு, பேச வாயைத் திறக்கும்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. “அண்ணே, எங்க வீட்லயும் பாக்க வர்றீகளா? தீயல் வெச்சிருக்கோம்.” அதற்கு மேல் வீட்டிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். “இங்கிட்டும் தீயல்தாண்ணே!” படிக்கட்டு முழுக்கக் கதவுகள் திறந்தன. சைவக் குடும்பத்து வீட்டிலும் தீயல், ஹெட்மாஸ்டர் வீட்டிலும் தீயல், ஏ பிளாக்கில் ரஹ்மத் வீட்டில் அண்டா நிறையத் தீயல். ஒவ்வொரு வீட்டிலும் அவர் மூக்கு, “இதுதான்” என்று சொன்னது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை அவர், சாப்பாட்டு விஷயத்தில் மரியாதை தெரிந்தவர். பிள்ளைகள் ஒரு பெரிய தாம்பாளத்தைக் கொண்டுவந்து கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஊர்வலமாக வந்தார்கள்.

கடைசியில் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கேயும் அதே வாசனை.

“ஏண்டி, நம்ம வீட்லயுமா?”

“ஊரே தீயல் வெக்கிறப்ப நான் மட்டும் ரசம் வெக்கவா?” என்றாள் பேச்சியம்மாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “அந்தக் கதை மொத நாள்லருந்து நம்ம வீட்டுக் கயித்துலருந்துதான் பாதிப் பேருக்குப் போகுது. என் போனு கொடியவிட்டு எறங்கவே இல்ல. எஞ் சேலை மட்டும் எப்படிக் காயுதுன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சீகளா?”

அழகர்ராஜா உட்கார்ந்தார். நாற்காலி நனைந்தது. தாம்பாளத்தில் இருந்த கிண்ணங்களில் ஒவ்வொன்றாக விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். ஒன்றில் உப்பு அதிகம், ஒன்றில் தேங்காய் கருகியிருந்தது, ஒன்றில் யாரோ பழக்க தோஷத்தில் தக்காளி போட்டிருந்தார்கள். முதலில் வாங்கிய கிண்ணத்தைத் தொட்டு நாக்கில் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு சோறு கேட்டார். அந்தக் கிண்ணத்தை வழித்து முடித்தார். காலியான கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தால் அதில் ‘பேச்சியம்மாள்’ என்று வெட்டியிருந்தது.

அவர் சிரித்துவிட்டார். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு ஈறு தெரிய, கடைவாய்ச் சொத்தைப் பல் தெரிய. பேச்சியம்மாள் கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. “குடை பிடிச்சுக் குளிக்கிறானாம்டி” என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சிரிச்சது போதும்” என்றாள் அவள். “இத்தனை கிண்ணம் வந்திருக்கு. வெறுங்கிண்ணமாவா திருப்பிக் குடுக்கப் போறீக? காலனில தலை காட்ட முடியுமா?”

அவர் அந்தக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெயர் பார்த்தார். பிறகு அரையில் கையை வைத்துச் சாவியை அவிழ்த்தார். மறுநாள் டவுனில் பூட்டுக்கடைக்காரர் ஒருவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சாவியைப் பார்த்துப் பார்த்துப் புதுச் சாவிகள் அடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு ஒரு சாவி. பெயரைப் பார்த்துப் பார்த்துத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லோர் கையிலும் சாவி இருந்தால் சண்டை வரும் என்று சிலர் பயந்தார்கள். சண்டையும் வந்தது, இரண்டு முறை தொட்டி நிரம்பி வழிந்தது, பிறகு முறை போட்டுக்கொண்டார்கள். ஸ்டெல்லாவின் வீட்டுக்கு அவர் கடைசியாகத்தான் வந்தார். ‘ஸ்டெல்லாபாய், வெள்ளமடம்’ என்று வெட்டிய கிண்ணம் யார் யார் வீட்டிலோ இருந்துவிட்டு அவர் கையில் வந்திருந்தது. உள்ளே புதுச் சாவி மினுங்கியது.

“உன் கிண்ணந்தானம்மா?”

“ஆமா அண்ணாச்சி.”

“ஊர் மொத்தமும் தீயல் தின்னேன். எம் பொண்டாட்டி பேர் வெட்டின கிண்ணத்துல ஒண்ணு வந்துச்சு பாரு, அதுதான் தீயல். மத்ததெல்லாம் கொழம்பு.” அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அது எந்த வீட்ல வாங்குனேன்னுதான் மறந்துபோச்சு. என் மூக்குக்கும் வயசாயிருச்சு.”

ஸ்டெல்லா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். கண் நிறைந்தது, உள்ளி உரிக்காமலே.

அவர் போகத் திரும்பினார், பிறகு நின்றார். “ஏம்மா, அந்த ராசா கதை… அடுத்த பாகத்துல அவனை என்ன பண்றாகளாம்? சாக அடிச்சிருவாகளோ?”

“எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நானும் உங்கள மாதிரி கேக்குதவதானே.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “ஆனா சாக மாட்டாருன்னுதான் தோணுது.”

அடுத்த ஞாயிறு நான்காம் பாகம் வந்தது. அதில் அப்பம், தாளிச்சா, நெத்திலி, ஆம்லெட், சாம்பார் என்று காலனியின் அத்தனை அடுப்பு வாசனையும் இருந்தது. “அன்பார்ந்த குடிமக்களே!” என்றது அந்தக் குரல், “நமது மன்னர் சாவியைத் தொலைத்துவிட்டார். இடுப்பில் கனம் குறைந்து போனதால், வாழ்க்கையில் முதல் முறையாகக் குனிந்து தன் துணியைத் தானே துவைக்கிறார்.” ஸ்டெல்லா மொட்டைமாடியில் ஜெஸ்லினின் யூனிபார்மை உதறிப் போட்டுக்கொண்டே அதைக் கேட்டாள். அடுத்த கொடியில் அழகர்ராஜாவின் வெள்ளைச் சட்டை காய்ந்து மொடமொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பையில் அவர் போன் இருந்தது, கதை எப்போதோ வந்து சேர்ந்த பிறகும் பொழுது சாயும் வரை அதை யாரும் எடுக்க வரவில்லை.